ரத்தம் நிறுத்தும் பொடி, ஜெல், ஸ்பாஞ்சு: மர மில்லில் எதை வாங்கி வைப்பது?

கேள்வி இதுதான்: "மர அறுவை மில் நடத்துகிறோம், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆழமான வெட்டில் ஒரு ஜெல்லைப் பிதுக்கியதும் சில நொடியில் ரத்தம் நிற்பது போல வீடியோக்கள் வருகின்றன. துப்பாக்கிக் காயத்துக்குள் ஊசிக்குழாயை வைத்து ஸ்பாஞ்சை உள்ளே தள்ளுகிற ஒன்றையும் பார்த்தேன். இதெல்லாம் நிஜமா? எதையாவது வாங்கி வைக்கலாமா?"

நிஜம்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, பொருளை வைத்த பிறகு ஒரு கை அதன் மேல் மூன்று நிமிடமாவது விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும் என்று வீடியோவில் அந்த மூன்று நிமிடத்தை வெட்டிவிடுகிறார்கள். நான் பல வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவன், மில் காயங்கள் நிறையவே பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வாங்குவதற்கு முன்னால் இந்தப் பொருள்கள் எப்படி வந்தன, எங்கே சொதப்பின என்று தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

வயலில் மடை அடைத்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீர் வேகமாகப் பாயும்போது நல்ல களிமண்ணாகவே இருந்தாலும் சும்மா அள்ளிப் போட்டால் கரைந்துகொண்டு போகும். பலகையோ வைக்கோலோ வைத்து வேகத்தைத் தணித்த பிறகுதான் மண் நிற்கும். ரத்தமும் அப்படித்தான். ரத்தக்குழாய் அறுந்ததும் அது தானாகச் சுருங்கும், தட்டணுக்கள் வந்து ஒட்டும், அப்புறம் ஃபைப்ரின் என்ற புரத நூல் வலை பின்னி எல்லாவற்றையும் இறுக்கும். சின்னக் காயத்துக்கு இது போதும், நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம். தொடைத் தமனி மாதிரி பெரிய குழாய் அறுந்தால் வலை பின்னுவதற்குள் ஓட்டமே அதை அடித்துக்கொண்டு போய்விடும். நம் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர், அதில் பாதி போனால் பிழைப்பது கஷ்டம், தொடைத் தமனி முழுதாக அறுந்தால் அதற்குச் சில நிமிடமே போதும். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிற கணக்கு இது.

இந்தக் கண்டுபிடிப்புகளில் முக்கால்வாசிக்குத் தாய்வீடு அமெரிக்க ராணுவம். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷு நகரில் நடந்த சண்டையில் ஜேமி ஸ்மித் என்ற சிப்பாய்க்குத் தொடையின் மேல்பகுதியில் குண்டு பட்டு, அறுந்த தமனி உள்ளே இடுப்புப் பக்கம் சுருங்கிப் போய்விட்டது. கூட இருந்த மருத்துவப் பணியாளர் காயத்துக்குள் கையை விட்டுத் தேடியும் பிடிக்க முடியவில்லை, வெளியே கொண்டுபோக வண்டியும் வரவில்லை, சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். கையிலோ காலிலோ அடிபட்டால் அதற்கு மேலே இறுக்கிக் கட்டலாம். கவட்டை, அக்குள், கழுத்து மாதிரி இடங்களில் எதைக் கட்டுவது? அந்த இடங்களுக்கு ஏதாவது வேண்டும் என்ற தேடல் அதற்கப்புறம் தீவிரமானது. பின்னாளில் 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் விவரங்களை எடுத்து ஆராய்ந்தபோது, மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே இறந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது, அந்த நான்கில் ஒருவர்களிலும் சுமார் 90 சதவீதம் பேர் ரத்தம் போனதால் இறந்தவர்கள் என்று தெரிந்தது.

முதலில் பெயர் வாங்கியது ஒரு பொடி. ஜியோலைட் என்ற கனிமம் உங்களுக்குத் தெரியாமலே உங்கள் தெருவுக்கு வந்திருக்கும், கோவிட் காலத்தில் வாடகைக்கு எடுத்தோமே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், அதற்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். அதே ஜியோலைட் தண்ணீரையும் வெறித்தனமாக உறிஞ்சும். ஃபிராங்க் ஹர்சி என்ற கனெக்டிகட் மாநில எஞ்சினீயர் இதை 1980-களில் ரத்தத்தில் போட்டுப் பார்த்தார். ரத்தத்திலிருந்து தண்ணீர் போய்விட்டால் மிச்சம் இருக்கும் தட்டணுக்களும் உறைபொருள்களும் கெட்டியாகச் சேர்ந்து சீக்கிரம் உறையும் என்பதுதான் அடிப்படை. 1989-ல் காப்புரிமை வாங்கினார், ஆனால் யாரும் சீண்டவில்லை. 2002-ல்தான் குவிக்கிளாட் என்ற பெயரில் அனுமதி கிடைத்து, அடுத்த வருடம் ஈராக் போருக்கு வீரர்களின் பையில் போனது.

சிக்கல் என்னவென்றால், சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அது போல ஜியோலைட்டும் தண்ணீரை உறிஞ்சும்போது சூடாகும். காயத்துக்குள்ளேயே சூடாகும். 2008-ல் வெளிவந்த ஒரு தொகுப்பில் 103 முறை பயன்படுத்தியதில் 92 சதவீதம் வேலை செய்தது, ஆனால் மூன்று பேருக்குத் தீப்புண். சாகப்போகிறவனுக்குத் தீப்புண் ஒரு விஷயமா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் காயத்தில் கொட்டிய பொடியை அறுவை சிகிச்சையின்போது சுரண்டி எடுக்கும் வேலையும் இருக்கிறது, காற்றடித்தால் பாதி கண்ணுக்குள் போகிற தொல்லையும் இருக்கிறது.

இங்கே நம் ஊர்ப் பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காயத்தில் காபித்தூளை அள்ளி அப்பிக்கொண்டு வருகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்த்திருக்கிறேன், மஞ்சள்தூளும் உண்டு, ஒரு முறை மூக்குப்பொடியும் பார்த்தேன். எல்லாம் சின்னக் காயத்தில் "வேலை செய்யும்", ஏனென்றால் சின்னக் காயம் எப்படியும் நின்றுவிடும். பெரிய காயத்தில் அது நிற்காது, அதோடு தையல் போடுகிற எங்களுக்கு அரை மணி நேரம் கழுவுகிற வேலை, காயம் சீழ் பிடிக்கிற வாய்ப்பும் கூடும். வயல் வரப்பில் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவார்களே, அதை நான் கேலி செய்ய மாட்டேன், ஆய்வுக்கூடத்தில் அதன் சாற்றை வைத்து வேலை செய்கிறவர்கள் உண்டு. ரம்பம் கிழித்த கைக்கு அது போதாது, அவ்வளவுதான்.

சரி, ஜியோலைட்டுக்கு மாற்றாக வந்தது கேயோலின், அதாவது பீங்கான் செய்கிற சீனக் களிமண். இது சூடாகாது. இது வேலை செய்கிற விதமும் வேறு, எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ரத்தத்தில் பன்னிரண்டாம் உறைபொருள் என்று ஒரு புரதம் இருக்கிறது. களிமண், கண்ணாடி மாதிரி எதிர்மின் தன்மை உள்ள பரப்பில் பட்டதும் அது விழித்துக்கொண்டு மற்ற உறைபொருள்களை வரிசையாகத் தட்டி எழுப்பும். கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் உறைவது இதனால்தான். 1950-களில் ஜான் ஹேக்மன் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளியின் ரத்தம் குழாயில் உறையவே மறுத்தது, ஆனால் அவருக்கு ரத்தப்போக்கு நோய் எதுவும் கிடையாது. அவரை ஆராய்ந்தபோதுதான் இந்தப் பன்னிரண்டாவது ஆள் இருப்பதே தெரிய வந்தது, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பரிசோதனைக் கூடங்களில் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கப் பல பத்தாண்டுகளாகக் கேயோலினைக் குழாயில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதே மண்ணைத் துணியில் ஏற்றிக் காயத்தில் வைக்கலாம் என்று தோன்றுவதற்கு 2000-களின் பிற்பகுதி வரை ஆகியிருக்கிறது!

அந்தத் துணிதான் காம்பாட் காஸ். 2008-லிருந்து அமெரிக்க ராணுவத்தின் முதல் தேர்வு. சுமார் ஏழரை சென்டிமீட்டர் அகலம், மூன்றரை மீட்டருக்கு மேல் நீளம், நாம் டிரெஸ்ஸிங்குக்குப் பயன்படுத்துகிற காஸ் துணி போலவேதான் இருக்கும். மண்ணைப் பொடியாகக் கொடுக்காமல் துணியில் ஏற்றியதற்குக் காரணம் இருக்கிறது. அதே 2008-ல் வூண்ட்ஸ்டாட் என்று இன்னொரு களிமண் பொடியையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. பன்றிகளில் நடந்த சோதனையில் அது ரத்தத்தை அட்டகாசமாக நிறுத்தியது. ஆனால் பிறகு பார்த்தால் துகள்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே புகுந்து குழாயின் உள்சுவரைக் கெடுத்து, உறைகட்டிகளைக் கிளப்பிவிட்டிருந்தன. 2009-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உறைய வைக்கிற பொருள் எவ்வளவு வீரியமோ அவ்வளவு ஆபத்து, அது காயத்தோடு நிற்காமல் நுரையீரலுக்குப் பயணம் போனால் ஆள் காலி. துணியாக இருந்தால் எண்ணி வைக்கலாம், எண்ணி எடுக்கலாம், அழுத்திப் பிடிக்கவும் முடியும்.

இன்னொரு கிளை, கைட்டோசான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிறார்கள். சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின், கைட்டோசான் நேர்மின், இரண்டும் ஒட்டிக்கொண்டு பசை போல ஒரு அடைப்பு உண்டாகிறது. இதில் ஒரு பெரிய வசதி, உடம்பின் சொந்த உறைதல் ஏற்பாட்டை இது நம்பியிருக்கவில்லை. இதய நோய்க்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கேயோலின் அவ்வளவாகக் கைகொடுக்காமல் போகலாம், கைட்டோசான் அப்போதும் வேலை செய்யும். ஆரிகன் மாநிலத்தில் உருவான ஹெம்கான் கட்டுத்துணி 2002-லேயே வந்துவிட்டது, இங்கிலாந்திலிருந்து செலாக்ஸ் வந்தது. இந்தியாவில் ஆக்சியோஸ்டாட் என்ற பெயரில் ஒன்று கிடைக்கிறது, அதைத் தொடங்கிய லியோ மாவேலி வேலூர் விஐடியில் படித்தவர். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதை வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். இறால் வகை ஒவ்வாமை உள்ளவர்களிடமே வைத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இருந்தாலும் பாக்கெட்டில் எச்சரிக்கை எழுதியிருக்கும், ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவது நல்லது.

நீங்கள் பார்த்த அந்த ஸ்பாஞ்சு ஊசிக்குழாயின் பெயர் எக்ஸ்ஸ்டாட். பஞ்சரான டயருக்குள் நுரையை அடித்து அடைப்பார்களே, அது மாதிரி உடம்புக்கும் ஒன்று செய்யலாமே என்று ஒரு முன்னாள் ராணுவ மருத்துவப் பணியாளரும் அவர் கூட்டாளிகளும் ஆரம்பித்தார்கள். நுரை சரிவரவில்லை, ரத்தத்தின் அழுத்தம் அதை வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் மாத்திரை அளவுக்கு நசுக்கிய செல்லுலோஸ் ஸ்பாஞ்சுகள், மேலே கைட்டோசான் பூச்சு, ஒரு குழாய்க்குள் 92. காயத்துக்குள் தள்ளினால் சுமார் 20 விநாடியில் ஊதிப் பெருத்து, காயத்தின் பொந்து முழுவதும் அடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்தே சுவர்களைத் தள்ளி அழுத்தும். பாருங்கள், இங்கேயும் அழுத்தம்தான், கைக்குப் பதில் ஸ்பாஞ்சு அழுத்துகிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-ல் ராணுவத்துக்கும் 2015 கடைசியில் பொதுமக்களுக்கும் அனுமதித்தது. ஒவ்வொரு ஸ்பாஞ்சிலும் எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு குறி வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் 92-ஐயும் தேடி எடுத்தாக வேண்டும், அதுவும் 4 மணி நேரத்துக்குள். நெஞ்சு, வயிறு ஆகியவற்றில் போடக் கூடாது. கவட்டை, அக்குள் என்று ஆழமான குறுகிய பொந்துக்கு மட்டுமே. மில்லுக்கு இது தேவையே இல்லை, ரம்பம் பொந்து போடாது, கிழிக்கும்.

அப்புறம் அந்த ஜெல். ஜோ லாண்டோலினா என்ற பையன் 2010-ல் நியூயார்க்கில் கல்லூரி முதலாண்டு, வயது 17, அப்போது யோசித்தது. பாசியிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் எடுத்த பலபடிகளைக் கலந்த ஜெல், காயத்தில் வைத்ததும் திசுவோடு ஒட்டி ஒரு மூடி போல நிற்கும். வீடியோ வைரலாகிப் பல வருடம் ஆகியும் மனிதர்களுக்கு வரவில்லை, முதலில் கால்நடை மருத்துவர்களுக்குத்தான் விற்றார்கள். 2024 ஆகஸ்டில்தான் டிராமாஜெல் என்ற பெயரில் பெரிய காயங்களுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 17 வயதில் வந்த யோசனை இந்த அனுமதியை எட்ட 14 வருடம், "மறைக்கிறார்கள், வெளியே விட மாட்டேன் என்கிறார்கள்" என்று பகிர்கிறவர்களுக்கு வூண்ட்ஸ்டாட் கதையைச் சொல்லுங்கள், சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று. துணியை மடித்துத் திணிக்கத் தெரியாத ஆள்கூட ஜெல்லைப் பிதுக்கிவிடலாம் என்பது நிஜமான நன்மை. ஆனால் அதற்கு இன்னும் நிறைய அனுபவம் சேர வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவை இன்னும் சுவாரஸ்யமானவை. தென்னமெரிக்கக் குழிவிரியன் ஒன்றின் விஷத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு நொதி உண்டு. அது ஒன்றும் புதிதல்ல, பல் பிடுங்கிய இடத்தில் சில டாக்டர்கள் பஞ்சில் நனைத்து வைக்கிற சொட்டுமருந்தில் அந்த வகை நொதிதான் இருக்கிறது. 2021-ல் கனடாவில் அதை ஜெலட்டினோடு சேர்த்து வெளிச்சம் பட்டால் இறுகுகிற பசையாக்கினார்கள், எலிகளில் ரத்தம் முக்கால் நிமிடத்தில் நின்றது. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் 2021-ல், கடல் பாறையில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு என்ற உயிர் ஈரமும் அழுக்குமான பரப்பில் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்து, முதலில் ரத்தத்தை எண்ணெயால் விலக்கிவிட்டு அப்புறம் ஒட்டிக்கொள்கிற ஒரு பசையைச் செய்தார்கள், 15 விநாடியில் ஒட்டும், ஆனால் அந்தச் சில விநாடி அதையும் அழுத்திப் பிடிக்கத்தான் வேண்டும். இவையெல்லாம் எலி, பன்றி கட்டத்தில் இருப்பவை. பன்றியில் நன்றாக இருந்தது மனிதரில் கவிழ்வதும் உண்டு. தொடைத் தமனி வழியாக ஒரு பலூனை உள்ளே விட்டுப் பெருந்தமனியையே அடைத்து, கீழே ரத்தம் போகாமல் தடுக்கிற ஒரு முறையைப் பெரிய நம்பிக்கையோடு கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வந்தது, பலூன் வைத்த குழுவில் 90 நாளில் இறந்தவர்கள் 54 சதவீதம், வைக்காத குழுவில் 42. இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றியது எது என்று என்னைக் கேட்டால் ஒரு பழைய ஊசியைத்தான் காட்டுவேன். டிரானெக்ஸமிக் ஆசிட், ஆஸ்பத்திரிகளில் டிரானெக்ஸா என்பார்கள். மாதவிடாய் அதிகமானால் மாத்திரையாகக் கொடுப்பதும் இதைத்தான். 1962-ல் ஜப்பானில் உத்தாக்கோ ஒகமோட்டோ, ஷோசுக்கே ஒகமோட்டோ என்ற மனைவியும் கணவனும் கண்டுபிடித்தார்கள். போருக்குப் பிந்தைய வறுமை, சோதனைக்கு வேறு வழியில்லாமல் தங்கள் ரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தினார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அந்த அம்மா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். இந்த மருந்து ரத்தத்தை உறைய வைப்பதில்லை, உறைந்த கட்டியை உடம்பு கரைத்துவிடாமல் காப்பாற்றுகிறது. விபத்துக் காயத்துக்கு இதைப் பெரிய அளவில் சோதித்தது 2010-ல் முடிவு வந்த கிராஷ்-2 ஆய்வு: 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், அதில் அதிகம் பேர் வந்தது இந்தியாவிலிருந்து. மருந்து கொடுத்தவர்களில் இறப்பு 14.5 சதவீதம், கொடுக்காதவர்களில் 16. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் உலகத்தில் அடிபடுகிறவர்களின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், தாமதிக்கிற ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலனில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, மூன்று மணி தாண்டினால் கெடுதலே. நீங்கள் மில்லில் வைத்துக்கொள்கிற மருந்து அல்ல இது, ஆளைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கத்துவதற்கு ஒரு காரணம்.

சரி, புதுத் துணிகளை வாங்கலாமா? 2011-ல் ஆரிகனில் ஒரு குழு பன்றிகளின் தொடைத் தமனியை வெட்டி, சிலவற்றுக்குச் சாதாரண காஸ், சிலவற்றுக்குக் கேயோலின், சிலவற்றுக்குக் கைட்டோசான் துணி வைத்துத் திணித்துப் பார்த்தது. சண்டைக்கு நடுவே செய்வது போல, வைத்துவிட்டு அழுத்தாமல் விட்டுவிடுகிற சோதனை அது. முடிவில் பெரிய வித்தியாசமே இல்லை, சாதாரணக் காஸ் சளைக்கவில்லை, அதைத் திணிக்கவும் குறைந்த நேரமே பிடித்தது. வேறு சோதனைகளில் புதுத் துணிகள் ஜெயித்திருக்கின்றன, அதனால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. திணிக்கிற கை சரியாக இருந்தால் எந்தத் துணி என்பது இரண்டாவது கேள்வி என்கிறேன்.

கைகாலுக்கு, அதாவது உங்கள் மில்லில் நடக்கக்கூடிய காயங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும், இதைவிட முக்கியமானது டூர்னிக்கெட், அதாவது காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்துகிற பட்டை. 350 வருடம் பழைய யோசனை, 1674-ல் பிரெஞ்சு ராணுவ சர்ஜன் மோரெல் துணிக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கினார். பல காலம் "கட்டினால் கால் அழுகிவிடும்" என்று பயந்து கைவிட்டிருந்தார்கள். 2006-ல் பாக்தாதில் ஒரு ராணுவ மருத்துவமனையில் கணக்கெடுத்தபோது, ரத்தம் போய் மயங்குகிற நிலை வருவதற்கு முன்பே கட்டியவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், வந்த பிறகு கட்டியவர்களில் 10 சதவீதம்தான். கட்டியதால் மட்டும் கையோ காலோ இழந்தவர் யாரும் இல்லை.

ஆனால் எப்படிக் கட்டுவது என்பதில் இருக்கிறது விஷயம். எங்களிடம் ஒரு முறை மரப்பட்டறை ஊழியர் ஒருவரை முழங்கைக்கு மேலே நைலான் கயிறு கட்டிக் கூட்டிவந்தார்கள். கயிறு தோலை அறுத்திருந்தது, ரத்தம் மட்டும் நிற்கவே இல்லை, வரும் வழியில் அதிகமாகியிருக்கிறது. காரணம் எளிது. சிரைகள் மேலோட்டமாக மெத்தென்று இருப்பவை, லேசாகக் கட்டினாலே அடைபடும், தமனி ஆழத்தில் அழுத்தத்தோடு ஓடுவது, அடைபடாது. ஆகவே உள்ளே வருகிற ரத்தம் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போக வழியில்லாமல் காயம் வழியாக வெளியேறும். கயிற்றை அவிழ்த்துவிட்டு நர்ஸ் ஒருவர் காஸைத் திணித்து இரண்டு கட்டைவிரலால் பத்து நிமிடம் அழுத்தினார், நின்றுவிட்டது. அவ்வளவுதான் செய்தது.

அதனால் உங்கள் மில்லுக்கு நான் சொல்வது. இரண்டு விரல் அகலப் பட்டையும் முறுக்குகிற குச்சியும் உள்ள நல்ல டூர்னிக்கெட் இரண்டு, ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதில் போலி நிறைய, முறுக்கும்போது குச்சி ஒடிந்துவிடும், அதனால் மருத்துவ உபகரணம் விற்கிற கடையில் வாங்குங்கள். காஸ் ரோல் பத்து. கையுறை. காசு இருந்தால் கைட்டோசான் துணி இரண்டு, காலாவதித் தேதி பார்த்து. ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ தரையில் குளமாகத் தேங்கினாலோ, யோசிக்காமல் காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள், வலியில் கத்துவார், கத்தட்டும். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள், இடையில் "கொஞ்சம் ரத்தம் போகட்டும்" என்று தளர்த்தாதீர்கள், இரண்டு மணி நேரம் வரை பயமில்லை. கவட்டையோ அக்குளோ தோளோ என்றால் டூர்னிக்கெட் கிடையாது, ரத்தம் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று பார்த்து அங்கே விரலால் காஸைத் திணியுங்கள், பொந்து நிறையும்வரை, அப்புறம் உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்கள், 108 வரும்வரை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் எதையும் திணிக்காதீர்கள். மரச்சிம்பு குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், சுற்றிலும் துணி வைத்து அசையாமல் கட்டிக் கொண்டுவாருங்கள்.

டப்பாவை முதலாளி அறையில் பூட்டி வைக்காமல் ரம்பத்துக்குப் பக்கத்துத் தூணில் மாட்டுங்கள். ஆறு பேரும் ஒரு தடவையாவது தங்கள் தொடையில் தாங்களே டூர்னிக்கெட்டை ஒரு கையால் கட்டிப் பழகட்டும்.

விரல் துண்டாகிப்போனால் அதைத் தேடி எடுத்து, அழுக்கு இருந்தால் லேசாக நல்ல தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் சதை உறைந்து கெட்டுவிடும், பிறகு ஒட்ட வைக்க முடியாது.